ஆடிக் காற்றில் புளூட்டோ: மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு இரவில் படம்பிடிக்க முழு வழிகாட்டி

கிடைக்கப்போவது ஒரு புள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படங்களில் நைட்ரஜன் பனிச் சமவெளியும் தண்ணீர்ப்பனி மலைகளும் தெரியும். நம் மொட்டைமாடிக் கருவிக்கு அதெல்லாம் எட்டாது. புளூட்டோவின் குறுக்களவு சுமார் 2,377 கி.மீ., நம் நிலாவைவிடச் சிறியது. பூமிக்கு நெருங்கி வரும் நாளிலேயே இப்போது 34 வானியல் அலகுக்கு மேல் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), அதாவது 500 கோடி கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் திண்டுக்கல்லில் நிறுத்திவைத்துவிட்டு மதுரையிலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாக இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வில்நொடியில் பத்தில் ஒரு பங்கு. (ஒரு பாகையை, அதாவது டிகிரியை, 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்நொடி; அறுபது வில்நொடி ஒரு வில்நிமிடம்.)

அப்படியானால் படத்தில் இருக்கும் ஆயிரம் புள்ளிகளில் எது புளூட்டோ? நகர்கிற புள்ளிதான் புளூட்டோ. நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், இது மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை வில்நிமிடம் இடம்பெயரும். கிளைட் டோம்பா 1930-இல் அரிசோனாவின் லோவல் வானாய்வகத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தார். ஜனவரி 23, 29 ஆகிய இரு இரவுகளில் எடுத்த கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு, பிப்ரவரி 18 அன்று ஒரு புள்ளி இங்கும் அங்கும் தாவுவது கண்ணில் பட்டது. நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். ஆகவே அழகான ஒரு படம் எடுப்பதைவிட, ஒன்றோடொன்று பொருந்துகிற இரண்டு சாதாரணப் படங்கள் எடுப்பதே முக்கியம். பலர் முதல் இரவுக்கு எல்லா உழைப்பையும் கொட்டிவிட்டு இரண்டாம் இரவில் கோட்டைவிடுகிறார்கள்.

எந்த நாள், எந்த நேரம்

புளூட்டோ சூரியனுக்கு நேர் எதிரே வருவது, அதாவது எதிர்நிலை, இப்போது ஜூலை கடைசி வாரத்தில். வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும். ஆக, நமக்கு ஆடி மாதம். அந்த மாதத்துப் பௌர்ணமி நிலா மகரத்தை ஒட்டி, ஏறக்குறைய புளூட்டோ இருக்கும் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் அந்த வாரத்தை மறந்துவிடுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி முன்னும் பின்னும் ஐந்து நாள் உங்களுடையவை. 2026-இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12. ஜூலை 14 அமாவாசையையும் பயன்படுத்தலாம், ஆனால் அப்போது புளூட்டோ உச்சிக்கு வர நள்ளிரவு தாண்டி ஒன்றே கால் ஆகிவிடும்.

மதுரை வடக்கு அட்சம் 9.9 பாகையில் இருக்கிறது, புளூட்டோ வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் கோடு) தெற்கே சுமார் 23 பாகையில். கழித்துப் பார்த்தால் நமக்கு அது தெற்கே 57 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. லண்டன்காரருக்குக் கிடைப்பது 15 பாகைதான், அதாவது எதிர்வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே. இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஜூலை கடைசியில் இரவு 12.25 வாக்கில், ஆகஸ்ட் நடுவில் 11.15 வாக்கில், செப்டம்பர் நடுவில் 9 மணி வாக்கில் உச்சிக்கு வரும். அந்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பின்புவரை எடுப்பது உத்தமம்.

செப்டம்பரில் வானம் கொஞ்சம் அமைதியாக இருக்குமே என்று தள்ளிப்போடாதீர்கள். எதிர்நிலையில் ஒரு நாளைக்கு சுமார் 85 வில்நொடி நகரும் புளூட்டோ, செப்டம்பர் நடுவில் ஐம்பது சொச்சம்தான் நகரும். அக்டோபர் நடுவில் அசையாமல் நின்றேவிடும், பிறகு திசை மாறும். நின்றுவிட்டதைக் கண்டுபிடிக்க நம் முறை உதவாது. அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும்.

இடமும் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அதில் ஐந்து கிலோ முக்காலி எம்மாத்திரம்? மதுரைப் பக்கம் இந்தப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும், மாலையில் தூக்கலாக இருக்கும். படங்கள் பாழாவதற்கு இருட்டுக் குறைவைவிட இந்தக் காற்றே பெரிய காரணம். 30 விநாடி எக்ஸ்போஷரில் ஒருமுறை தொலைநோக்கிக் குழாய் அசைந்தாலே போதும், நட்சத்திரங்கள் எல்லாம் வால் முளைத்து நிற்கும். புளூட்டோ மாதிரி மங்கலான புள்ளி வால் முளைத்தால் ஒளி பரவிப் பின்னணிக்குள் கரைந்தே போகும்.

ஆகவே இடம் தேடும்போது முதலில் மேற்கே ஒரு மறைப்பு தேடுங்கள். கண்மாய்க் கரை அருமையான மறைப்பு. கரைக்குக் கிழக்குப் பக்கத்தில், கரையின் அடியிலிருந்து நாலைந்து மீட்டருக்குள் கருவியை வைத்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். மேற்கு அடிவானம் மறைந்தாலும் நமக்கு வேண்டியது தெற்கு, நட்டமில்லை. கரையின் மேல் ஏறி வைப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும், பார்வை விரிவாக இருக்கும். ஆனால் அங்கேதான் காற்று முழு வேகத்தில் அடிக்கும். மொட்டைமாடியானால் தண்ணீர்த் தொட்டிக்கோ மாடிப்படி அறைக்கோ கிழக்கே வையுங்கள். கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் அதையும் கருவிக்குக் கிழக்கே, புகை லென்ஸுக்கு முன்னால் வராதபடி.

அடுத்தது வெளிச்சம். தெற்கே பார்க்கப்போகிறோம், ஆகவே நகரத்துக்குத் தெற்கே போய்விட்டால் மதுரையின் ஒளி முதுகுக்குப் பின்னால் போய்விடும். திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கமும், காரியாபட்டிப் பக்கமும் கரிசல் காடுகள் நல்ல தேர்வு. விருதுநகரின் ஒளி தெற்கு அடிவானத்தில் தெரியும், ஆனால் 57 பாகை உயரத்தில் அது பெரிய தொல்லை தராது. ஊருக்குள் விசாரித்துவிட்டுப் போங்கள்: ஆடியில் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழா, முளைப்பாரி. நீங்கள் போகும் அன்றைக்குத்தான் கண்மாய்க் கரை வரைக்கும் டியூப்லைட் கட்டியிருப்பார்கள்.

யானைமலை, கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி மாதிரி பாறைக் குன்றுகளின் அடிவாரம் பலருக்கும் ஆசையாக இருக்கும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த கருங்கல் நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அந்தச் சூடான காற்று வழியாகப் பார்க்கும் நட்சத்திரம் அடுப்புக்கு மேலே தெரியும் எதிர்ச்சுவர் போல நெளியும். இரண்டாவது, இவற்றில் சமணர் குகைகளும் கல்வெட்டுகளும் இருக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் உண்டு. இராத்திரியில் கருவி சுமந்து அலையக்கூடாத இடம். சிறுமலைக்கு வனத்துறை கட்டுப்பாடுகள் உண்டு. கொடைக்கானல் உயரம்தான், ஆனால் ஆடியில் அது பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும்.

முக்காலி, பெட்டி, சிவப்பு விளக்கு என்று இருட்டில் நாலு பேர் நின்றால் புதையல் தோண்டுகிறார்களோ என்று சந்தேகம் வருவது இயல்பு. மாலையிலேயே போய் டீக்கடையிலும் நிலத்துக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். கரையோரப் புல்லில் பாம்பு நடமாடும், உட்காரும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எந்தக் கருவி போதும்

பிரகாசத்தை அளக்கும் எண் மேக்னிட்யூட், எண் கூடக்கூட மங்கல். புளூட்டோவுக்கு அது இப்போது சுமார் 14.4. 1989-இல் சூரியனுக்கு மிக அருகில் வந்துபோன பிறகு விலகிக்கொண்டே இருக்கிறது, ஆகவே வருஷா வருஷம் கொஞ்சம் மங்குகிறது. வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரம் 6. வித்தியாசம் 8.4 என்றால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் மங்கல்.

கண்ணால்தான் பார்ப்பேன் என்றால் 10 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய கண்ணாடித் தொலைநோக்கி) குறைந்தபட்சம், 12 அங்குலம் இருந்தால் நிம்மதி. 200 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம், நாற்பது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குவது, நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது, தெரிகிற புள்ளிகளைத் தாளில் வரைந்து மறுநாள் ஒப்பிடுவது. 8 அங்குலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள வானத்தில் இதற்கு முயல்வது கண்ணுக்குத் தண்டனை. இந்த வழிகாட்டி இனிக் கேமரா பற்றியது.

கேமராவுக்குப் பெரிய கருவி தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் உள்ள நியூட்டோனியன் வகைக் கண்ணாடித் தொலைநோக்கி, மோட்டார் பொருத்திய ஈக்விட்டோரியல் மவுண்ட் (வானம் சுழல்வதற்கு ஏற்பக் கருவியைத் திருப்பும் தாங்கி), பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று. இது தாராளம். 200 மி.மீ. டெலிஃபோட்டோ லென்ஸும் கேமராவை மட்டும் அப்படித் திருப்பும் சின்ன டிராக்கரும் வைத்தும் முடியும். சீஸ்டார் எஸ்50 மாதிரி தானியங்கித் தொலைநோக்கியிலும் முடியும். எது இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்நொடி என்று வரும். 3.7 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா 650 மி.மீ. குழாயில் 1.17 வில்நொடி தரும், ஆக ஒரு நாளில் புளூட்டோ 72 பிக்சல் தாவும். அதே கேமரா 200 மி.மீ. லென்ஸில் 3.8, தாவல் 22 பிக்சல். சீஸ்டாரில் 2.4, தாவல் 35 பிக்சல். மூன்றிலுமே கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தாவல்தான்.

மின்சாரத்துக்கு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி போதும். ஆனால் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் போய்விடும், எனவே கையில் இருப்பது மூன்றரை ஏஎச் என்றே கணக்கு வையுங்கள். மவுண்ட் முக்கால் ஆம்பியர் இழுத்தால் நாலரை மணி நேரம்.

வரைபடம் தயார் செய்தல்

இது வீட்டில், முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை. இங்கே அரைமணி நேரம் செலவழித்தால் காட்டில் இரண்டு மணி நேரம் மிச்சம்.

கோள்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுத் தரும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையப் பக்கத்தில் புளூட்டோவைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் படமெடுக்கும் இரு இரவுகளுக்கும் மணிக்கு ஒருமுறை ஆயத்தொலைகளை (வானத்தில் அது நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்களை) எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நமக்கு ஆகஸ்ட் 13 அதிகாலை 1 மணி என்பது அங்கே ஆகஸ்ட் 12 இரவு 7.30. தேதியை மாற்றாமல் போட்டால் ஒன்றரை வில்நிமிடம் தள்ளித் தேடி, பக்கத்தில் இருக்கும் அப்பாவி நட்சத்திரத்தைப் புளூட்டோ என்று சாதிப்பீர்கள்.

வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் இடத்தை மதுரை என்று வைத்து, அமைப்புப் பகுதிக்குப் போய்க் கூடுதல் நட்சத்திரப் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பதிவிறக்குங்கள். முதலில் நிறுவும்போது வரும் பட்டியலில் 14-ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரங்கள் இல்லை. அந்த வெற்று வரைபடத்தோடு உங்கள் படத்தை ஒப்பிட்டால் வரைபடத்தில் இல்லாத நூறு புள்ளி கிடைக்கும், நூறும் புளூட்டோவாகத் தோன்றும்.

2026-இல் அது மகரத்தில், பை, ரோ என்ற இரு நட்சத்திரங்களுக்குச் சுமார் ஐந்து பாகை தெற்கே, சை நட்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும். நல்லவேளை, தனுசுவின் பால்வீதிக் கூட்டத்துக்குள் இருந்த வருஷங்கள் தாண்டிவிட்டன. இப்போது பின்னணி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

முதல் இரவு: மவுண்ட்

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைச் சீராக்குவது, அதாவது அது சுழலும் அச்சை வான வடதுருவத்துக்கு நேராகத் திருப்புவது, நம் ஊரில் தனிக் கலை. அது இங்கே பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும்: பனைமரம், வைக்கோல்போர், அடிவானத் தூசி எல்லாம் குறுக்கே. போதாததற்கு, நகரத்துக்குத் தெற்கே வந்ததால் மதுரையின் ஒளி சரியாக அதன்மேல் விழும். தெற்கு இருட்டுக்காகக் கொடுக்கும் விலை இது. வடக்கு மறைந்தேவிட்டால், கைபேசித் திசைகாட்டியை வைத்து வடக்கு நோக்கி நிறுத்தி, மவுண்டின் அளவுகோலில் 10 பாகை வைத்துத் தொடங்குங்கள். கைபேசியை முக்காலியின் இரும்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், ஒட்டிப் பிடித்தால் பொய் சொல்லும்.

இரண்டாவது சிக்கல்: பல மவுண்டுகள் குளிர்நாட்டு அட்சரேகைக்கு வடிவமைத்தவை, பத்துப் பாகைக்கு இறங்காது. பதினைந்தில் முட்டி நின்றால் முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்குங்கள், முழு மவுண்டும் வடக்கே சாய்ந்து மீதி ஐந்து பாகை கிடைக்கும். சாய்ந்தபின் எடை வடக்கே போகும், தெற்குக் கால்களுக்கு நடுவே தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். கேன் தொங்கி ஆடக்கூடாது; அடிப்பகுதி தரையைத் தொட்டு, கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். காற்றில் ஆடும் கேன், கேன் இல்லாததைவிட மோசம். மூன்றாவது, இவ்வளவு தாழ்ந்த கோணத்தில், குழாய்க்குச் சமன் எடை மாட்டும் எடைத்தண்டு ஏறக்குறைய நேர் கீழே தொங்கும், எடைக்கல் முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். இருட்டில் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டுத்தான் தெரியவரும். கருவியை ஏற்றியதும், டார்ச் வெளிச்சத்தில், கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

சீராக்கம் எவ்வளவு துல்லியமாக வேண்டும்? பத்து வில்நிமிடம் பிசகினாலும் 30 விநாடியில் நட்சத்திரம் நகர்வது 1.3 வில்நொடிதான், ஒரு பிக்சலை ஒட்டி. அதற்குமேல் மெனக்கெட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள்.

ஃபோகஸ்

திருவோணத்தில் வையுங்கள், ஆல்டேர் என்று செயலிகளில் இருக்கும். நம் ஊரில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும், பிரகாசமானது. கறுப்பு சார்ட் அட்டையில் சாய்வான பிளவுகளாக வெட்டிய பாட்டினாவ் (Bahtinov) மறைப்பை முன்னால் மாட்டினால் நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கோடுகள் தெரியும், நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. மறைப்பைக் கழற்ற மறப்பது சகஜம். கழற்றாமல் அறுபது படம் எடுத்தவர்கள் உண்டு.

லென்ஸானால் ஃபோகஸ் வளையத்தை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மேல்நோக்கிப் பிடித்த லென்ஸில் வளையம் தானாக நழுவும்.

கேமராவின் நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைப்பது அடுத்த வேலை. டிராக்கிங்கை நிறுத்திவிட்டு 20 விநாடி எடுங்கள். நட்சத்திரங்கள் கோடாக இழுபடும், அந்தக் கோடு படத்தின் நீள விளிம்புக்கு இணையாக வரும்வரை கேமராவைச் சுழற்றுங்கள். வந்ததும் குழாயிலும் கேமரா வளையத்திலும் சேர்த்து ஒரு டேப் துண்டை ஒட்டி பிளேடால் நடுவே கீறிவிடுங்கள். நாளை இரண்டு துண்டையும் சேர்த்தால் அதே கோணம். இந்த ஒரு ரூபாய் டேப்தான் இரண்டாம் இரவைக் காப்பாற்றும்.

எடுக்கும் முறை

ரா கோப்பு, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, 30 விநாடி, அறுபது படம். காற்று அடித்தாலோ நகரத்து மாடியாக இருந்தாலோ 15 விநாடியில் நூற்றிருபது. ஆடி வானத்தில் மேகத் துண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும், குறுகிய எக்ஸ்போஷர் வைத்தால் மேகம் பட்டதையும் குலுங்கியதையும் தூக்கிப்போட்டுவிட்டு மீதியைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அறுபதில் நாற்பது தேறினால் போதும்.

ஒரே தொகுப்பாக ஒரு மணி நேரத்துக்குமேல் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் புளூட்டோவே 3.5 வில்நொடி நகர்ந்துவிடும், 650 மி.மீ.யில் அது மூன்று பிக்சல். அரைமணி நேரத் தொகுப்பு சரியான அளவு.

இந்த ஊர் இரவுக்கே உரிய தொல்லை சூடு. நள்ளிரவிலும் 26, 27 டிகிரி இருக்கும், சென்சார் உள்ளே அதைவிடச் சூடாக. அதனால் சிவப்பும் நீலமுமாகப் பொய்ப் புள்ளிகள் படம் முழுக்கத் தெறிக்கும். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, எடுத்து முடித்த கையோடு மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர் நேரம் வைத்து இருபது இருட்டுப் படம்; மென்பொருள் இவற்றைக் கழித்துப் பொய்ப் புள்ளிகளை நீக்கும். வீட்டுக்குப் போய் ஏசி அறையில் எடுத்தால் சூடு பொருந்தாது. இரண்டு, பத்துப் படத்துக்கு ஒருமுறை குழாயை இருபது முப்பது பிக்சல் இப்படி அப்படி நகர்த்துவது. நட்சத்திரத்தோடு நகராதது பொய்ப் புள்ளி, மென்பொருள் கண்டுபிடித்து நீக்கிவிடும்.

விளிம்பு இருட்டையும் தூசியையும் சமன்செய்ய ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் குழாய் வாயில் சுருக்கமில்லாமல் கட்டி, விடியலில் வானத்தைப் பார்த்து இருபது படம். கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸ் மாற்றாமல் எடுக்க வேண்டும். கரை போட்ட வேட்டி வேண்டாம்.

சீஸ்டார் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு: ஆயத்தொலையைக் கொடுத்து 10 விநாடி எக்ஸ்போஷரில் இருபது முப்பது நிமிடம் விடுங்கள். ஆனால் அது மேல் கீழ், இட வலம் என்று திரும்பும் கருவி என்பதால் படம் மெல்லச் சுழலும். மதுரையில் உச்சியில் நிற்கும் புளூட்டோவுக்கு அந்தச் சுழற்சி மணிக்கு 27 பாகை வரை போகும், அரைமணியில் மூலைகள் வெட்டுப்படும். புளூட்டோவை நடுவில் வைத்துக்கொண்டால் கவலையில்லை.

நள்ளிரவு 12 மணிக்கு ஷட்டர் திறக்கும்போது உள்ளே வரும் ஒளி, புளூட்டோவை விட்டு அன்று மாலை ஏழே காலுக்குக் கிளம்பியது. நீங்கள் முக்காலியை விரித்துக்கொண்டிருந்த நேரம்.

இரண்டாம் இரவு

அதே இடம், அதே கேமரா, அதே டேப், அதே ஐஎஸ்ஓ, அதே மணி. முதல் இரவின் ஒரு படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, சட்டகத்தின் நாலு மூலையிலும் உள்ள பிரகாசமான நட்சத்திரங்களை ஒத்துப் பாருங்கள். புளூட்டோவைத் துரத்தி நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது. நேற்றைய ஆயத்தொலையையே நடுவில் வையுங்கள். அது நகர்ந்ததுதான் நமக்கு வேண்டியது.

மறுநாள் மேகம் மூடிவிட்டால் பதற வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் போனாலும் நகர்வு பத்து வில்நிமிடம்தான், அதே சட்டகத்துக்குள்ளேயே இருக்கும். டோம்பாவின் இரு தகடுகளுக்கும் ஆறு நாள் இடைவெளி.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஒரே இரவில் 9.30-க்கு ஒரு தொகுப்பு, 2.30-க்கு ஒரு தொகுப்பு. ஐந்து மணி நேரத்தில் 18 வில்நொடி, 650 மி.மீ.யில் பதினைந்து பிக்சல். தெரியும், ஆனால் ஃபோகஸ் கொஞ்சம் நழுவியிருந்தாலும் நம்பிக்கை குறையும்.

கணினியில்

படங்களை அடுக்கிச் சேர்க்கும் சிரில் மென்பொருளில் ஒவ்வொரு இரவையும் தனித்தனியாகச் சேர்த்து இரண்டு படம் உண்டாக்குங்கள். இரண்டு இரவையும் ஒன்றாகப் போட்டுச் சேர்த்தால், நகர்ந்த புள்ளியைக் குப்பை என்று நினைத்து மென்பொருள் அழித்துவிடும். இது நிஜமாகவே அடிக்கடி நடக்கிறது. பிறகு அஸ்டாப் என்ற இன்னொரு மென்பொருளிலோ சிரிலிலோ படத்தின் ஆயத்தொலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், எந்த நட்சத்திரத்துக்கு எந்த இடம் என்று மென்பொருளே பொருத்திவிடும். இப்போது ஹொரைசன்ஸ் தந்த எண்ணுக்குக் கர்சரைக் கொண்டுபோனால் அங்கே ஒரு புள்ளி இருக்க வேண்டும். இருந்தாலும் அதை இன்னும் நம்பாதீர்கள்.

இரண்டாம் படத்தை முதல் படத்தோடு ஒட்டவைத்து, ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டு அடுக்காகத் திறந்து, மேல் அடுக்கைக் காட்டி மறைக்கும் கண் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். விநாடிக்கு ஒருமுறை போதும். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்க்காமல், கணக்கிட்ட இடத்தைச் சுற்றி முந்நூறு பிக்சல் சதுரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் உறைந்து நிற்க, ஒன்று மட்டும் மேற்கே தாவும். வடக்கு மேலே இருக்கும் படத்தில் மேற்கு வலது பக்கம்.

இன்னொரு சோதனையும் உண்டு, அலாடின் லைட் என்ற வானப் பட இணையப் பக்கத்தில் அதே இடத்தின் பழைய வானப் படத்தைத் திறங்கள். அந்தத் தகடுகள் எடுத்த காலத்தில் புளூட்டோ வேறு ராசியில் இருந்தது. உங்கள் படத்தில் தெரிந்து, அதில் இல்லாத புள்ளி என்றால், ஆள் அகப்பட்டாயிற்று.

ஏமாற்றும் புள்ளிகள்

தாவல் பத்துப் பதினைந்து வில்நிமிடமாக இருந்தால் அது சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுபவை புளூட்டோவைவிடப் பத்து மடங்கு வேகமாக நகரும், அரைமணித் தொகுப்பிலேயே கோடாக நீண்டுவிடும். மகரம் ராசி மண்டலப் பாதையில் இருப்பதால் ஒன்றிரண்டு வந்து மாட்டத்தான் செய்யும்.

ஓர் இரவில் தெரிந்து மறு இரவில் முழுதாகக் காணாமல்போனால் பொய்ப் புள்ளி அல்லது காஸ்மிக் கதிர். இடம் மாறாமல் பிரகாசம் மட்டும் மாறினால் மாறொளி நட்சத்திரம். கணக்கிட்ட இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் முதலில் தேதியைச் சரிபாருங்கள், பிறகு படத்தின் ஆழத்தை: பக்கத்தில் 15-ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரம் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் புளூட்டோவைத் தேடுவது வீண், இன்னும் படம் வேண்டும். தெரிந்தும் புளூட்டோ இல்லையென்றால் ஒரு நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மறுநாள் விலகிவிடும்.

புள்ளி லேசாக நீண்டிருந்தால் புளூட்டோவின் நிலாவான கேரன் தெரிகிறது என்று குதிக்க வேண்டாம். கேரன் அதிலிருந்து ஒரு வில்நொடிக்கும் குறைவாகவே விலகும், ஆடிக் காற்று நெளியும் வானத்தில் நட்சத்திரமே இரண்டு மூன்று வில்நொடி பரவும். நீட்சிக்குக் காரணம் பெரும்பாலும் மவுண்ட்தான், பக்கத்து நட்சத்திரங்களும் அதே பக்கம் நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். புளூட்டோ கோளா குறுங்கோளா என்ற 2006-ஆம் வருஷத்துச் சண்டைக்கும் படத்தில் விடை கிடைக்காது.

இரு இரவுக் கோப்புகளை அழிக்காமல், தேதியையும் உலகப் பொது நேரத்தையும் எழுதிவையுங்கள். இதே முறையில் அடுத்து முயலக்கூடியவை மாக்கேமாக்கே, ஹௌமியா என்ற இன்னும் தொலைவான இரு குறுங்கோள்கள். இரண்டும் 17-ஆம் மேக்னிட்யூட் பக்கம், ஆகவே 8 அங்குலக் குழாயும் இரவுக்கு இரண்டு மணி நேரமும் வேண்டும். தொலைவு அதிகம் என்றாலும் இரண்டு மணி நேரத்தில் ஐந்து வில்நொடி வரை நகர்ந்துவிடும், ஆகவே இங்கேயும் ஒரே தொகுப்பாக ஒரு மணி நேரத்துக்குமேல் சேர்க்காதீர்கள். அவை உயர நிற்பது பங்குனி, சித்திரையில், காற்றும் அடங்கியிருக்கும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் முழுநிலா, அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.